சோமனூர் அண்ணாவுக்கு, பொண்ணு படிக்கும் அந்தத் தடிப் புத்தகங்கள் பற்றி

அண்ணா, போன வாரம் பொண்ணு மேல்படிப்பு பற்றிக் கேட்க வந்தபோது, அவள் படிக்கும் ரெண்டு புத்தகத்தை, ஒன்று கலை வரலாறு, இன்னொன்று செராமிக், அதாவது மண்ணைச் சுட்டுப் பாத்திரம் செய்வது, என் மேசை மேல் வைத்துவிட்டு, "இதையெல்லாம் படிச்சா சோறு கிடைக்குங்களா சார்?" என்று கேட்டீர்கள். வெளியே கூட்டம் நின்றதால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் இன்னும் நாலு பேருக்கும் ஆகும் என்பதால் உங்கள் பெயரைப் போடவில்லை.

முதலில் உங்களைப் பதற வைத்த படங்கள். துணியில்லாத சிலைகளைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். மேற்கத்திய ஓவிய சிற்ப வரலாறு என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கிரேக்கச் சிலைகளும் மைக்கேலாஞ்சலோவும் அப்படித்தான் இருப்பார்கள், நம் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அதில் புதிதாகக் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அப்புறம் அந்த மூத்திரக் கோப்பைப் படம். மார்செல் டுஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் நியூயார்க்கில் கடையில் விற்ற பீங்கான் கோப்பை ஒன்றில் வேறு பெயரில் கையெழுத்துப் போட்டு கண்காட்சிக்கு அனுப்பினார், அவர்கள் வைக்க மறுத்தார்கள், அது கலையா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கே அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் ஒன்று பாருங்கள், அந்தக் கோப்பையும் மண்ணைச் சுட்டுச் செய்ததுதான், அதைச் செய்யும் தொழிற்சாலையில் யாரோ மாதச் சம்பளம் வாங்குகிறார்கள்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் ரெண்டு புத்தகத்தையும் புரட்டினேன். ஒன்று கோம்பிரிச் எழுதிய கலை வரலாறு, 1950இல் வந்தது, உங்கள் பெண் வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தே அவர் எழுதினார். அது புதுசாக, மடிப்புக் கலையாமல் இருக்கிறது, எகிப்து அத்தியாயத்தில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் செருகியிருக்கிறது, அதைத் தாண்டிப் போன மாதிரி தெரியவில்லை. இன்னொன்று பெர்னார்டு லீச் என்ற ஆங்கிலேயக் குயவர் 1940இல் எழுதியது. அவர் ஜப்பானில் தொழில் கற்று 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை போட்டவர். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாகச் சொன்னீர்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் களிமண் விரல் ரேகை. பின் அட்டையின் உள்பக்கம் அவள் கையெழுத்தில் நாலு வரி: பெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புத்தூள் 20, சைனா க்ளே 10. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறியோடு "படியூர்க் கல்?"

அண்ணா, இந்த நாலு வரியைப் பார்த்துத்தான் நான் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது லீச்சின் பெயரால் குயவர்கள் சொல்லும் நாலு-மூணு-ரெண்டு-ஒண்ணு கணக்கு, பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் படியும் மெருகுப் பூச்சு. சிலிக்கா, அதாவது வெங்கச்சங்கல் தூள், தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், எந்தக் குயவரின் சூளையும் அவ்வளவு தாங்காது. பெல்ட்ஸ்பார் என்ற கல்தூளும் சுண்ணாம்பும் கூடச் சேர்ந்தால் 1280, 1300 டிகிரியிலேயே உருகிவிடும். சைனா க்ளே என்ற வெள்ளைக் களிமண்ணில் இருக்கும் அலுமினா, உருகிய கண்ணாடி வழிந்து ஓடாமல் பாத்திரத்தோடு பிடித்துவைக்கும். கெமிஸ்ட்ரியில் மார்க் குறைகிறது என்று புலம்பினீர்களே, அவள் வீட்டில் உட்கார்ந்து படிப்பது கெமிஸ்ட்ரிதான். அந்தக் கேள்விக்குறி இன்னும் விசேஷம். காங்கேயம் பக்கம் படியூரில் நீலப் பச்சைக் கல் எடுப்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கல் விளையும் பாறையில் பெரும்பங்கு பெல்ட்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும்தான். இங்கிலாந்துக்காரன் கணக்கை நம்மூர்க் கல்லை வைத்துப் போட முடியுமா என்று பதினேழு வயதுப் பெண் யோசித்திருக்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

அதனால் "கலை வரலாறா, செராமிக்கா" என்று ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்காதீர்கள், ரெண்டும் வேறு வேறு பிழைப்பு. கலை வரலாறு என்றால் எம்.ஏ. வரை கட்டாயம் போக வேண்டும். பரோடா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது, டெல்லி ஜே.என்.யூ.வில் எம்.ஏ. இருக்கிறது. பிறகு நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி கல்லூரியில் பாடம் எடுக்கலாம், அருங்காட்சியகம், கேலரி, பதிப்பகம் என்று போகலாம். இடங்கள் குறைவு, ஆங்கிலத்தில் சரளமாக எழுத வராவிட்டால் ரொம்பக் கஷ்டம். பணத்தைப் பொறுத்தவரை இது மெதுவான பாதை என்பதை மறைக்க மாட்டேன்.

செராமிக் பக்கம் வந்தால் அங்கேயும் கிளைகள் பிரிகின்றன, இதில் நானே ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். சில வருஷம் முன்னால் பானை செய்வதில் பைத்தியமாக இருந்த ஒரு பையனிடம், "அண்ணா யுனிவர்சிட்டி ஏ.சி. டெக்கில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி இருக்கு சாமி, கவுன்சலிங்கில் போட்டுரு" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். சேர்ந்தான். முதல் வருஷ லீவில் வந்து, "சார், சக்கரத்தை நான் கண்ணாலயே பாக்கலைங்க, எல்லாம் உலைக்கல்லும் இன்சுலேட்டரும்தான்" என்றான். தப்பு என்னுடையது. அது பொறியியல் படிப்பு, உலைச் செங்கல், டைல்ஸ், மின் இன்சுலேட்டர், வார்ப்பு அச்சு பற்றியது. சேலத்தில் மேக்னசைட் வெட்டி இரும்பு உலைகளுக்குச் செங்கல் செய்கிறார்களே, அந்த உலகம். வேலை என்று பார்த்தால் இருப்பதில் உறுதியானது அதுதான், குஜராத் மோர்பி முழுக்க டைல்ஸ் கம்பெனி, நம்ம கோயமுத்தூர் பவுண்டரிகளிலேயே செராமிக் அச்சு வைத்து வார்க்கிறார்கள். உங்கள் பெண் கணக்கு-இயற்பியல் குரூப் எடுத்திருப்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அதைப் பானைப் படிப்பு என்று நினைத்து அனுப்பாதீர்கள்.

கையால் செய்வதும் வேண்டும், பட்டமும் வேண்டும் என்றால் அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் செராமிக் அண்டு கிளாஸ் டிசைன் உண்டு. தனி நுழைவுத் தேர்வு, வயது வரம்பும் இருக்கிறது, அதனால் விண்ணப்பத் தேதியை இப்போதே பார்த்து வையுங்கள். சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, அங்கேயும் செராமிக் பிரிவு உண்டு, செலவும் தனியார் டிசைன் காலேஜ் அளவுக்கு ஆகாது. அப்புறம் புதுச்சேரி. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று ஒரு மண்பாண்டப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் தொழில் பழகியவர்கள் ஆரோவில் சுற்றிலும் பட்டறை வைத்திருக்கிறார்கள், ஓட்டல்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்து கொடுத்துப் பிழைக்கிறார்கள். அங்கே பட்டம் கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்கும்போது சொல்ல ஒரு டிகிரி வேண்டும் என்று அக்கா நினைப்பது எனக்குத் தெரியும், அதனால் இதை டிகிரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பரீட்சை முடிந்ததும் ஒரு மாசம் அவளைப் பக்கத்தில் இருக்கும் குலாலர் வீட்டுக்குத் தினமும் அனுப்புங்கள். உடுமலை சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலன்று மண் மாடு வாங்கி வைப்பீர்கள் அல்லவா, அந்த உருவாரம் செய்பவர்கள் யாரையாவது பிடித்தாலும் சரி. கூலி கேட்காமல், நாம் ஏதாவது கொடுத்து. முதல் வாரம் மண் மிதிக்கத்தான் விடுவார்கள். ரெண்டாம் வாரம் முதுகு வலிக்கும். அவசரத்தில் ஈரம் காயாமல் சூளையில் வைத்தது படாரென்று வெடிக்கும், காய்ந்தது சுருங்கி விளிம்பில் கீறல் விடும். நாலாம் வாரமும் தானாகவே எழுந்து போனால் செராமிக். பத்து நாளில் சலித்து, ஆனால் அந்தக் குயவர் பாட்டனார் கதையையும் மாட்டுக்குத் திமில் வைக்கும் பழக்கத்தையும் நோட்டில் எழுதி வந்தால் அது வரலாற்று மூளை. பழைய ஏதென்ஸ் குயவர்கள் பானையில் தங்கள் பெயரை எழுதினார்கள், நம்ம சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் கிடைத்த பழைய பானை ஓடுகளிலும் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அப்படிப்பட்ட பெண் என்றால் ரெண்டையும் சேர்த்து யோசிப்பாள், நீங்கள் பரோடாவைப் பற்றிப் பேசலாம்.

புத்தகச் செலவு பற்றியும் சொன்னீர்கள். நியாயம், இந்தப் புத்தகங்கள் விலை அதிகம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகமும் தங்கள் பழைய கலைப் புத்தகங்களை நூற்றுக்கணக்கில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன, அதைக் காட்டிக் கொடுங்கள். செராமிக் புத்தகம் மட்டும் கையில் இருக்கட்டும், பட்டறையில் மண் கையோடு போனைத் தொட முடியாது.

இன்னொன்று, நீங்களாகவே கேட்டீர்கள், தறிக் கொட்டகையில் ஒரு ஓரம் ஒதுக்கிக் கரண்ட் சூளை வைக்கலாமா என்று. த்ரீ பேஸ் லைன் இருப்பது நல்லதுதான், ஆனால் தறி கனெக்‌ஷனில் சூளை ஓட்டக்கூடாது, கட்டண வகை வேறு, மாட்டினால் அபராதம். ஈ.பி. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இப்போது அவசரமும் இல்லை, சூளைக்கு லட்சக்கணக்கில் ஆகும்.

மே கடைசியில் ஒரு சனிக்கிழமை வாங்க. அவள் செய்ததில் வெடித்தது, கீறல் விட்டது எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். போன தடவை மாதிரி அம்மிணியை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே ஏறி வராதீர்கள்.