வீட்டிலும் ஆபீசிலும் கரண்டைக் குறைத்தால் பருவநிலை மாற்றத்துக்கு உண்மையில் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

கண்டிப்பாக உண்டு. ஆனால் எதைக் குறைக்கிறோம், எந்த நேரத்தில் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பயன். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அதில் மிச்சமாவது சொற்பம். குளிர வைக்கிற, சூடாக்குகிற கருவிகளும் நாள் முழுக்க ஓடுகிறவையும்தான் யூனிட்டை இழுக்கின்றன.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மேட்டூர், வடசென்னை போன்ற அனல் மின் நிலையங்களிலிருந்து கம்பியில் வரும் வழியில் அதிலும் கொஞ்சம் போய்விடும். ஆக வீட்டில் மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிட், அங்கே மூன்று யூனிட்டுக்கும் மேலான வெப்பத்தை எரிக்காமல் தவிர்க்கிறது.

நான் முதலில் கைவைக்கச் சொல்வது மின்விசிறி. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார்) ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினமும் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனிலேயே இரண்டு மாத பில்லுக்கு 40 யூனிட் மிச்சம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 170 கிலோ கரியமில வாயு குறைகிறது. ஃபேனை மாற்றுவதோடு முடிந்தது, அதற்குமேல் யாரும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் சம்மதிக்க வைப்பதும் சுலபம்: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்று சொன்னால் போதும்.

அடுத்தது கூரை. எங்கள் வீடு மேல்தளம். சித்திரையில் இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல இருக்கும். அந்தச் சூட்டோடு ஏசி விடிய விடிய மல்லுக்கட்டும். மொட்டை மாடிக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்த பிறகு, ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் சுழலவிட்டால் அம்மாவுக்கே போதுமாக இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

வீட்டில் எது சும்மாவே கரண்டைத் தின்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் நில்லுங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். 3200 இம்ப் என்று எழுதியிருந்தால் 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். எல்லாம் அணைந்த பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் செட்டாப் பாக்ஸோ இன்வெர்ட்டரோ மாட்டும். டிவியை அணைத்த பிறகு செட்டாப் பாக்ஸைத் தொட்டாலே தெரியும், வெதுவெதுப்பாக இருக்கும்.

நேரத்தைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. நண்பகலில் சூரிய மின்சாரம் ஏராளம். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல், கயத்தாறு பக்கக் காற்றாலைகளும் நன்றாகக் கொடுக்கும். மாலை ஆறுக்கு மேல் சூரியன் இறங்கும்போதுதான் எல்லா வீட்டிலும் லைட், டிவி, ஏசி ஒன்றாக ஏறுகின்றன, அப்போது பெரும்பாரத்தை நிலக்கரிதான் சுமக்கிறது. எனவே தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் முடிந்தவரை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆபீஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். நான் வேலை பார்க்கும் இடத்தில் மே மாதத்தில் இரண்டு அக்காக்கள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஏசி 20-ல் ஓடியது. ரிமோட் யாருடைய மேசையில் இருக்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. 25 என்று பேசி முடிவு செய்தோம், யாரும் வியர்த்துப் போகவில்லை. சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவர் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டரையும் சுவிட்சிலேயே அணைக்க வேண்டும் என்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

வாடகை வீடு என்றால் கூரைக்கு ஓனரிடம் பேசிப் பாருங்கள், பெயிண்ட் செலவில் பாதியைப் போடச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஃபேனுக்கு யாரையும் கேட்க வேண்டாம். பழையதைப் பரணில் வைத்துவிட்டு, காலி செய்யும்போது உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.