ஒரு ஆள் போதாதா? – கடிதம்

அன்புள்ள சார்,

வங்கியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்கக் கவிஞர் டெட் கூசரை இப்போதுதான் படித்தேன். முப்பத்தைந்து ஆண்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தாராம். வேலையை விட்டிருந்தால் இன்னும் பெரிய கவிஞராகியிருப்பார் அல்லவா? எனக்கும் எழுத நேரமே இல்லை. முகநூலில் போட்டாலும் பத்து லைக்கோடு சரி. ராஜினாமா செய்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ராஜினாமாவை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கூசரை அதற்குச் சாக்காக்காதீர்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து எழுதிவிட்டு, நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஆபீஸ் போனவர் அவர். எழுதியதைத் தன் செயலாளரிடம் காட்டுவார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் திருத்துவார். வேலையை விட்டிருந்தால் அப்படி ஒரு வாசகியை எங்கே போய்ப் பிடித்திருப்பார்?

உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டியது அந்தப் பத்து லைக்தான். கொஞ்ச காலமாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1998-ல் கூசருக்குப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. எழுத்து நின்றுபோயிற்று. வெயில் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால், விடியுமுன்பே கிராமத்துச் சாலையில் நடப்பார். நவம்பரில் ஒரு நாள் நடந்து வந்தவர் ஒரு கவிதை எழுதினார். அதை அஞ்சலட்டையில் ஒட்டி, நண்பரும் எழுத்தாளருமான ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். குளிர்காலம் முழுக்க இது தொடர்ந்தது. ஒவ்வொரு கவிதையின் தலையிலும் தேதியும் அன்றைய வானிலையும் இருக்கும். அவற்றில் நூறுதான் 'வின்டர் மார்னிங் வாக்ஸ்' தொகுப்பு.

சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்த மனிதரை மறுபடி எழுத வைத்தது அட்டையின் மறுமுனையில் இருந்த ஒரே ஒரு ஆள். நீங்கள் பத்துப் பேர் போதவில்லை என்று அழுகிறீர்கள்! அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது உங்கள் வரியைத் திருப்பிக் கேள்வி கேட்டாரா? கேட்டிருந்தால் அவரை விடாதீர்கள்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இன்லேண்ட் லெட்டரில் கவிதை எழுதி அனுப்புவேன். பென்சிலால் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு, "இங்க நீ நடிக்கிற" என்று எழுதித் திருப்பி அனுப்புவான். கோபம் வரும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அந்த வரியை நானே அடித்திருப்பேன். அவன் போய்விட்டான். பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோடு போட ஆளில்லை.

அரசவைக் கவிஞர் பதவி 2004-ல், புலிட்சர் பரிசு 2005-ல், எல்லாம் அப்புறம் வந்தவை. அதற்கு முன்பே, 2003-ல், கூசரும் ஹாரிசனும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறுங்கவிதைகளை 'பிரெய்டட் கிரீக்' என்று புத்தகமாக்கினார்கள். எந்தக் கவிதை யாருடையது என்று அதில் போடவே இல்லை. முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் யாராவது ஒருவருக்கு, பெயர் சொல்லி, ஒரு கவிதை அனுப்புங்கள்.