மேலே கான்கிரீட் போட்டால் மாடி பலமாகுமா?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் முதல் மாடித் தளம் ஹாலோகோர் ஸ்லாப் (உள்ளே நீளவாக்கில் குழாய் போன்ற குழிகள் விட்டு முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகை). இதுவரை தையல் மெஷின்கள் ஓடிய அந்த ஹாலைத் துணி ரோல் அடுக்கும் குடோனாக மாற்றப் போகிறோம். மேலே 4 இஞ்ச் கான்கிரீட் போட்டால் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை ஒரு சட்டி கான்கிரீட்கூட மேலே ஏற வேண்டாம். 4 இஞ்ச் கான்கிரீட்டின் எடையே சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. அது இறுகும் வரை அந்த எடையையும் பழைய ஸ்லாப்தான் சுமக்க வேண்டும். இறுகியபின் பழையதோடு ஒட்டிப் பிடித்தால் தளத்தின் பலம் கூடும், உண்மைதான். ஆனால் எண்ணெயும் தூசும் படிந்த தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் ஊற்றினால் இரண்டும் தனித்தனியாகவே நிற்கும், உங்களுக்கு மிஞ்சுவது வெறும் பாரம்.

லோடு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். கட்டடங்களுக்கு எவ்வளவு லோடு கணக்கிட வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பாகம் லேசான மெஷின்கள் உள்ள ஃபேக்டரித் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ சொல்கிறது. குடோன் என்றால் அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 240 கிலோவாவது கணக்கிட வேண்டும், எப்படியும் 750 கிலோவுக்குக் குறையக் கூடாது. 4 மீட்டர் அடுக்கினால் 960 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அடியில் நடுவே ஒரு இரும்பு பீம் கொடுத்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சாதாரணமாக நல்ல யோசனைதான், ஆனால் ஹாலோகோரில் பலத்துக்காக முன்பே இழுத்து வைத்து வார்த்த கம்பிகள் பெரும்பாலும் அடிப்பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் நடுவில் முட்டுக் கொடுத்ததும் பீமுக்கு நேர் மேலே ஸ்லாபின் மேல்முகம் இழுபட்டு விரிசல் விடும். அப்புறம்தான் உங்கள் காண்ட்ராக்டர் சொன்ன மேல் கான்கிரீட்டுக்கே அர்த்தம் வருகிறது: அந்த இடத்தில் அதற்குள் கம்பி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுச் செய்யலாம். மாடியைக் காலி செய்துவிட்டு, பீமை ஜாக்கியால் இறுக்கி, இடைவெளியில் சுருங்காத கிரவுட் (இளகிய சிமெண்ட் கலவை) அடைக்க வேண்டும். பீமின் தூண்களைக் கீழ்த்தளத்துத் தரைமேல் அப்படியே நிறுத்தாதீர்கள், தனி அஸ்திவாரம் தேவை.

இன்னொரு பலவீனம் ஸ்லாப் சுவரிலோ பீமிலோ உட்காரும் முனைகள். பெரும்பாலான ஹாலோகோரில் அங்கே வெட்டு விசையை (ஸ்லாபைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையை) தாங்க வளையக் கம்பி கிடையாது. முனைப் பக்கத்துக் குழிகளை மேலிருந்து திறந்து, கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்புவது ஒரு வழி. அடியில் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுவது ஸ்லாப் வளைவதைத் தாங்கத்தான் உதவும், இந்தக் குறைக்கு உதவாது. தவிர, அதை ஒட்டும் எபாக்ஸி பசை 60–80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் என்பதால், தீக்காப்பு இல்லாமல் துணி குடோனில் அதை நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே முதலில் ஸ்லாப் சப்ளை செய்தவரிடம் ட்ராயிங் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கம்பி இருக்கும் இடத்தை ஸ்கேன் செய்து குறித்த பிறகுதான் எங்கும் துளை போட வேண்டும், ஒரு கம்பி அறுந்தாலும் பலம் குறையும். இவ்வளவு செலவுக்கு முன் ரோல்களைக் கீழ்த்தளத்துக்கும் மெஷின்களை மாடிக்கும் மாற்றி அமைக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் என் ஓட்டு அதற்குத்தான்.