இன்னும் எத்தனை ஆட்டுத்தோல்?

ஐயா,

எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் தூரத்தில். பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறார், மாலையில் யாரும் இல்லை. ‘விசுவாசத்தில் அடியெடுத்து வையுங்கள்’ என்று போதகர் பேசியதிலிருந்து, மாலையில் அவரிடம் போகவேண்டும் என்று எனக்குள் ஒரு பாரம். அது கர்த்தருடைய சித்தமா, என் உணர்ச்சிவேகமா என்று தெரியவில்லை. வேதாகமத்தில் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுக் கேட்டதுபோல நானும் அடையாளம் கேட்டு ஜெபிக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கிரியைகளால் இரட்சிப்பு இல்லை, சபைச் சீர்திருத்தம் செய்த லூத்தரே, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தை மட்டமாகத்தான் பேசினார் என்கிறார் அண்ணன். தேவசித்தத்தை எப்படி அறிவது? நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கிதியோன் பெயரைப் பார்த்ததும் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த மனிதர் பெயரைச் சொல்லி நடக்கும் தாமதங்கள் மேல் எனக்குக் கொஞ்ச காலமாகவே எரிச்சல். அதில் ஒரு பங்கு உங்கள் மேலும் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வேண்டாம். வாசித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போடுவீர்கள்.

அண்ணன் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில், ‘கிரியைகளினால் உண்டானதல்ல’ என்கிற ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார் போலிருக்கிறது. பத்தாம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், நற்கிரியைகள் அங்கேதான் இருக்கின்றன. 1522இல் யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று லூத்தர் சொன்னது உண்மைதான். அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் நற்கிரியை செய்யவேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்காது, கேள்வி எழும் முன்பே செய்து முடித்திருக்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு இது போதும்.

சரி, கிதியோனுக்கு வருவோம். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோலைக் களத்தில் போடுவதற்கு முன்பே, மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை மீட்கப் போ என்று அவருக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. ‘உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ’ என்பது பதினாலாம் வசனம். பாறையிலிருந்து அக்கினி எழும்பிக் காணிக்கையைப் பட்சித்தது. ஆவியானவர் அவர்மேல் இறங்கினார். எக்காளம் ஊதி ஆட்களைத் திரட்டியும் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் தோல். அதைப் போடும்போதும் ‘தேவரீர் சொன்னபடி’ என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆக, சித்தம் தெரியாமல் அவர் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதே என்றுதான் கேட்கிறார். முதல் நாள் தோல் நனைந்து தரை காய்ந்திருந்தது. அப்படியும் மனம் ஆறாமல், கோபித்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சி, மறுநாள் தரை நனைந்து தோல் காய்ந்திருக்கவேண்டும் என்கிறார். இதையா நாம் ஜெபத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டு அலைகிறோம்?

அடையாளம் கிடைத்தபின் என்ன நடந்தது என்பதை யாரும் பிரசங்கத்தில் இழுத்துச் சொல்வதில்லை. போருக்கு 32,000 பேர் வந்திருந்தார்கள். பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்றதும் 22,000 பேர் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய 10,000 பேரிலும் கர்த்தர் 300 பேரைத்தான் நிறுத்தினார். இரண்டு முறை அடையாளம் வாங்கியும் கையில் இருந்தது குறைந்துகொண்டேதான் போனது. அடையாளம் வந்துவிட்டால் தயக்கம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அவருக்கே தீரவில்லையே.

வேலையை விடுவது, நாட்டைவிட்டுப் போவது என்றால் காத்திருங்கள், நாலு பெரியவர்களைக் கேளுங்கள். தனியாகப் படுத்திருக்கும் ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கு எதற்கு அம்மா வானத்திலிருந்து கடிதம்? வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று மத்தேயு 25இல் இயேசு எழுத்திலேயே கொடுத்துவிட்டாரே.

சிறுவயதில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பக்கவாதம் வந்து கிடந்த ஒருவரைச் சுற்றி நின்று எல்லோரும் உரத்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்த்தேன். நடுவில் ஓர் அக்கா மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போர்வையைத் தூக்கினார். உள்ளே போய்த் துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்து வந்தார். அவரை மெல்ல ஒரு பக்கம் புரட்டி, நனைந்த விரிப்பை முதுகை ஒட்டிச் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி பழையதை உருவினார். ஆமென் சொல்லும்போது அது அவர் கையில் இருந்தது. ஜெபித்தவர்களில் பாதிப்பேருக்கு நடந்ததே தெரியாது. அந்த அக்காவுக்கு வேறு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை, நாற்றமே போதுமானதாக இருந்தது.

ரொம்பவே திட்டிவிட்டேனோ? உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நோயாளியின் உடம்பைத் தொடப் பயம், என்ன பேசுவது என்று பயம், ஒருநாள் போனால் தினமும் போகவேண்டி வருமே என்ற பயம். கடைசிப் பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். இதெல்லாம் பாவம் இல்லை. ஏழாம் அதிகாரத்தில் கிதியோனை எதிரியின் பாளயத்துக்குப் போகச் சொல்லும்போது, ‘போகப் பயப்பட்டால் பூரா என்னும் உன் வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு போ’ என்று கர்த்தரே சொல்கிறார். பயப்படாதே என்று அதட்டவில்லை, துணைக்கு ஆள் சொல்கிறார். எனக்கு அந்த அதிகாரத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

அதனால் வாரம் இரண்டு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கூட யாரையாவது அழைத்துப் போங்கள், ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். எப்படிப் புரட்டுவது என்று பகலில் வரும் அந்தப் பெண்ணிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இடுப்பெலும்பு விஷயம். வேதாகமம் பையிலேயே இருக்கட்டும், அவர் கேட்டால் வாசியுங்கள். போய்வந்து எழுதுங்கள். போகாமல் எழுதினால் பதில் கிடையாது.