அமெரிக்க உடல்நல சர்வே டேட்டாவை வைத்துச் சர்க்கரை நோயின் காரணிகளைத் தேடுகிறேன். யாருக்கு நோய் இருக்கிறது என்பதை என் கணினி மாடல் 86% சரியாகச் சொல்கிறது. இதை நம்பலாமா?

86% என்றதும் அசந்துவிடாதீர்கள். நீங்கள் எடுத்தது டேட்டா பகிரும் தளமான கேகிளில் கிடைக்கும் 2015 பிஆர்எஃப்எஸ்எஸ் சர்வே கோப்பு என்றால், அதிலுள்ள 2,53,680 பேரில் சர்க்கரை நோயாளிகள் 35,346 பேர்தான். எல்லோருக்கும் 'இல்லை' என்று எழுதிவைத்தாலே 86% வந்துவிடும், மாடலே வேண்டாம். அந்த 35,346 பேரில் எத்தனை பேரை உங்கள் மாடல் பிடித்தது என்று முதலில் பாருங்கள்.

அதைவிட முக்கியம், அந்த 'ஆம்' எப்படி வந்தது என்பது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 1984 முதல் போனில் நடத்திவரும் சர்வே இது. யாருக்கும் ரத்தம் எடுப்பதில்லை. "உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்குச் சர்க்கரை 300 இருந்தாலும் அவர் 'இல்லை' கணக்கில்தான் வருவார்.

இதனால் நடக்கும் கூத்தைப் பாருங்கள். கடந்த ஐந்தாண்டில் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று வரும். டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை வருமா என்ன? அடிக்கடி டாக்டரைப் பார்ப்பவருக்குத்தான் நோய் இருப்பதே தெரிகிறது. நோய் தெரிந்தவருக்கு டெஸ்டும் எழுதித் தருகிறார்கள். அதிகம் குடிப்பவர்களிடம் நோய் குறைவு என்றும் வரும். உடனே குடி நல்லது என்று எழுதிவிடாதீர்கள்! நோய் வந்தபின் குடியைக் குறைத்தவர்களும் 'அதிகம் குடிக்காதவர்' வரிசையில்தான் இருக்கிறார்கள். 'என் உடல்நிலை மோசம்' என்ற பதில் காரணிகளின் பட்டியலில் மேலே வருவதும் இதே கதைதான், அது நோயின் விளைவாகவே இருக்கலாம்.

வயதை நம்பலாம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐயையும் ஓரளவு நம்பலாம், ஆனால் அது அவர்களே சொன்ன உயரமும் எடையும் வைத்துப் போட்ட கணக்கு. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததா என்ற தகவல் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. சென்னையில் நீரிழிவு நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் இருப்பதே வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு என்ற நான்கும்தான். அதற்கு அடிப்படையான சென்னை ஆய்வில் ரத்தப் பரிசோதனையும் இருந்தது.

அமெரிக்க டேட்டாவே வேண்டும் என்றால் என்ஹேன்ஸ் என்ற இன்னொரு உடல்நல சர்வேக்கு மாறுங்கள். ஆட்கள் குறைவு, ஆனால் ரத்தம் எடுக்கிறார்கள். அதில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5% அல்லது அதற்கு மேல் இருந்தும், 'டாக்டர் சொன்னதில்லை' என்று பதில் சொன்னவர்களைத் தனியாகப் பிரித்து, மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.