எக்ஸானா, இன்ட்ரானா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பரம்பரை ரத்தசோகை நோயான பீட்டா தலசீமியாவில், பீட்டா குளோபின் என்ற ரத்தப் புரதத்துக்கான ஹெச்பிபி மரபணுவின் மாற்றங்களை ஆராய்ந்துவருகிறேன். 11ஆம் குரோமோசோமில் 5226929ஆம் இடத்தில் நிகழும் மாற்றம், முதல் இன்ட்ரானின் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) முதல் நியூக்ளியோடைடில் (டிஎன்ஏவின் ஓர் எழுத்து) அமைந்தது. ஆனால், மரபணுப் பகுதிகளின் இடங்களைப் பட்டியலிடும் ஜிஎஃப்எஃப்3 கோப்பை, விரைந்து தேட உதவும் டேபிக்ஸ் என்ற கருவி கொண்டு அட்டவணையிட்டு, பைத்தானின் பைசாம் லைப்ரரியில் ஃபெட்ச் கட்டளைக்கு 5226929, 5226930 என்ற எண்களைக் கொடுத்தால், எக்ஸான் (வெட்டி ஒட்டிய பின் ஆர்என்ஏவில் எஞ்சும் பகுதி) வரி வருகிறது. கோப்பு தவறா?
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: கோப்பு சரியாகவே இருக்கிறது; நீங்கள் தேடியதுதான் அடுத்த இடம். ஜிஎஃப்எஃப்3 கோப்பு 1இலிருந்து எண்ணி, தொடக்கம், முடிவு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஃபெட்ச் கட்டளையோ 0இலிருந்து எண்ணி, முடிவு எண்ணை விட்டுவிடுகிறது. ஆகவே நீங்கள் கொடுத்த எண்கள் கோப்பின் கணக்கில் 5226930ஆம் இடத்தை மட்டுமே குறிக்கின்றன. முதல் எக்ஸான் 5226930 முதல் 5227071 வரை 142 நியூக்ளியோடைடுகள் கொண்டது. ஹெச்பிபி எதிர் இழையில் இருப்பதால் (எண்கள் குறையும் திசையில் படிக்கப்படுவதால்), எக்ஸான் முடியும் இடம் சிறிய எண்ணாகத் தெரிகிறது. 5226928, 5226929 என்று கொடுத்தால், மரபணு வரியும், அதிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்என்ஏ படியின் வரியும் வரும். அந்தப் படிக்குரிய எக்ஸான் வரி வராது. இன்ட்ரானுக்கென்று பெரும்பாலும் தனி வரி எழுதப்படுவதில்லை என்பதால், எக்ஸான் வராததையே சான்றாகக் கொள்ள வேண்டும். ஒரே மரபணுவுக்குப் பல படிகள் இருக்கக்கூடும்; எந்தப் படியை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

"11:5226929-5226929" என்று ஒரே சரமாகக் கொடுத்தால், பைசாம் அதை 1இலிருந்தே எண்ணும். ஆய்விதழிலும், மரபணு மாற்றங்களைப் பதியும் விசிஎஃப் கோப்பிலும் உள்ள எண்ணை மாற்றாமல் இடலாம் என்பதால், நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

இப்பிழையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரோமோசோமின் பெயரை "11" என்பதற்குப் பதில் "சிஹெச்ஆர்11" என்று எழுதிவிட்டால் நிரல் உடனே பிழை காட்டி நின்றுவிடும். எண் ஒன்று பிசகினாலோ நம்பத்தகுந்த விடையே வரும். ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படுவதைக் கெடுத்து, பீட்டா குளோபின் உருவாகாமல் செய்யும் மாற்றத்தை, எக்ஸானுக்குள் நிகழ்ந்த சாதாரண மாற்றமாகப் பதிவு செய்துவிடுவோம். மேலே தந்த எண்கள் மனித மரபணுத்தொகுதியின் ஜிஆர்சிஹெச்38 பதிப்புக்கு உரியவை. முந்தைய பதிப்பான ஜிஆர்சிஹெச்37இல் இதே இடம் 5248159.

கேள்வி: ஜிஜிப் கொண்டு சுருக்கிய கோப்பை டேபிக்ஸ் ஏற்க மறுக்கிறதே?
– வாசகர், கோவை

பதில்: சாதாரண ஜிஜிப் கோப்பை நடுவிலிருந்து விரிக்க இயலாது. பிஜிஜிப் என்ற கருவியோ கோப்பை 64 கேபிக்கு மேற்படாத தனித்தனித் துண்டுகளாகச் சுருக்குவதால், வேண்டிய துண்டுக்கு நேரே தாவ முடிகிறது. சுருக்கும் முன் வரிகளைக் குரோமோசோம் வாரியாகவும், தொடக்க எண் வாரியாகவும் வரிசைப்படுத்துங்கள். கோதுமையைப் போல 53.6 கோடி நியூக்ளியோடைடுகளைத் தாண்டும் குரோமோசோம்கள் இருந்தால், டேபிக்ஸின் வழக்கமான டிபிஐ அட்டவணை போதாது. நீண்ட குரோமோசோம்களையும் ஏற்கும் சிஎஸ்ஐ வகை அட்டவணையை உருவாக்குங்கள்.