பயமே இல்லாதவர்களா?

அன்புள்ள ஐயா,

சைக்கோபதி (ஈரமின்மை, வஞ்சகம், அவசரபுத்தி ஆகியவை சேர்ந்த ஆளுமைக் கோளாறு) பண்புள்ளவர்களுக்குப் பயமே கிடையாது, ஆதாயத்தின் மீது மட்டும் தீராத வெறி உண்டு, எனவே தண்டனை அவர்களை ஒன்றும் செய்யாது என்று ஓர் உரையில் கேட்டேன். அது சரியா?

செ.

அன்புள்ள செ.,

பாதிதான் சரி. அந்தப் பாதி, உளவியலாளர் டேவிட் லிக்கன் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அதில் ஒரு புதிர்வழி: 20 கட்டங்கள்; கட்டத்துக்கு 4 விசைகள். ஒன்று சரியான வழி. தவறான மூன்றில் ஒன்றை அழுத்தினால் ஷாக் அடிக்கும். வழியைக் கற்பதில் சைக்கோபதி பண்புள்ள இவர்கள் யாருக்கும் சளைக்கவில்லை. ஷாக் அடிக்கும் விசையை ஒதுக்கத்தான் கற்கவில்லை. ஆனால் 1970இல் ஷ்மாக் என்ற ஆய்வாளர், தவறுக்கு ஷாக்குக்குப் பதில் காசைப் பிடித்துக்கொண்டபோது, மற்றவர்களைப் போலவே இவர்களும் சுதாரித்துக்கொண்டார்கள். பயமின்மை என்ற ஒரே சொல்லால் இதை விளக்க முடியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது உளவியலாளர் ஜோசப் நியூமன் குழுவினர் 1987இல் வெளியிட்ட சீட்டு ஆட்டம். மொத்தம் 100 சீட்டுகள். முதல் பத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு 90%. பிறகு பத்துச் சீட்டுக்கு ஒருமுறை 10% குறையும். கடைசிப் பத்தில் பூஜ்யம். ஐம்பதைத் தாண்டினால் கைக்காசு கரையத் தொடங்கும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். சைக்கோபதி பண்புள்ள கைதிகள் தோற்கத் தோற்க ஆடிக்கொண்டே போனார்கள். வரவு செலவுக் கணக்கைக் கண்முன் காட்டியும் பலனில்லை. ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் கணக்கோடு 5 விநாடிக் கட்டாயக் காத்திருப்பையும் சேர்த்ததும் மற்றக் கைதிகளைப் போலவே நிறுத்திக்கொண்டார்கள். வெறும் 5 விநாடி! ஆதாயத்தில் மனம் பதிந்துவிட்டால் ஓரத்தில் தெரியும் எச்சரிக்கை உள்ளே ஏறுவதில்லை என்பதே நியூமனின் விளக்கம்.

அதே மரபில் 2010இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. திரையில் சிவப்பு எழுத்து வந்தால் ஷாக் வரக்கூடும். நிறத்தைக் கவனிக்கச் சொன்னபோது இவர்களும் மற்றவர்கள் அளவுக்கே திடுக்கிட்டார்கள். கண்ணிமைத் துடிப்பை வைத்து அதை அளந்தார்கள். வேறெதையாவது கவனிக்கச் சொன்னபோதுதான் அந்தத் திடுக்கிடல் மங்கியது.

ஆதாய வெறிக்கு வருகிறேன். சைக்கோபதி ஒற்றைப் பண்பு அல்ல. அதை அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண். ஈரமின்மையும் வஞ்சகமும் ஒரு கூறு, அவசரபுத்தியும் ஒழுங்கற்ற வாழ்வும் இன்னொரு கூறு. 2010இல் பக்ஹோல்ட்ஸ் குழுவினர், வேறொரு வினாத்தாளைக் கொண்டு, கைதிகள் அல்லாத சாதாரண மனிதர்களைச் சோதித்தார்கள். ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது மூளையின் வெகுமதிப் பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்தது அவசரபுத்தி மிகுந்தவர்களிடம்தான். துணிச்சலும் ஆதிக்கமும் உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

எனவே தண்டனை உறைக்காது என்று கைகழுவக் கூடாது. என்றோ வரப்போகும் சிறைவாசம், கண்முன் உள்ள ஆதாயத்தோடு மோதித் தோற்கும். செயலை இடைமறித்து, நிற்கவைத்து, இழப்பைக் காட்டுவது எடுபடலாம். சூழலைக் கவனிக்கச் சில வாரம் கணினிப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. அது வெளிவாழ்க்கைக்கும் நீடிக்குமா என்பதைத்தான் அடுத்து அளக்க வேண்டும்.